ஹார்லன் மாமாவின் டிரெய்லர் ஏன் அமைதியானது

பேட்ஜர் க்ரீக், மொன்டானா
வியாழன் காலை

மதிப்பிற்குரிய ஹார்லன் மாமா அவர்களுக்கு, மருமகன் ரோல்ஃப் வணக்கம். இங்கு யாவரும் நலம். உங்கள் குதிரை டிரெய்லரும் நலம். அதை அப்படியே விட்டுவைக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிடா, புரிஞ்சுது" என்று பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

குளிர்காலம் முழுக்கப் பனியில் நின்ற டிரெய்லரை மே மாதம் வெளியே எடுத்தீர்கள். பிரேக் மிதித்ததும் 'கிரீச்'. பிரேக் டிரம்மில் துரு, வேறொன்றுமில்லை. பத்துத் தடவை மிதித்திருந்தால் தானே தேய்ந்து போயிருக்கும். ஆனால் உங்கள் பண்ணையில் கதவு கத்தினாலும் கிரீஸ், காற்றாலை கத்தினாலும் கிரீஸ். சக்கரத்துக்கு நாற்பது தடவை வீதம் கிரீஸ் கன்னால் அடித்தீர்கள். பேரிங்குக்குப் போக வேண்டியது கிரீஸ் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு போய், டிரம்மை உரசி நிறுத்த வேண்டிய பிரேக் ஷூவில் ரொட்டிமேல் வெண்ணெய் மாதிரி உட்கார்ந்தது. கிரீச் நின்றது. அப்புறம் 'ஙொய்ங்' என்று ஒரு முனகல் காதில் விழுந்தது. மாமா, அது மின்சார பிரேக். உள்ளே இருக்கும் காந்தம் கரன்ட் வாங்கினால் முனகும்; முனகினால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நீங்களோ பிக்கப்பில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலர் டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்பி அதையும் கொன்றீர்கள்.

செவ்வாய்க்கிழமை அந்த வெற்றியைக் காட்ட வந்தீர்கள். என் பட்டறைக்குள் திரும்ப வேண்டியவர் வாசலைத் தாண்டி, தீவனக் கடையையும் தாண்டி, வைக்கோல் கட்டுகளில் முட்டி நின்றீர்கள். இறங்கியதும் முதல் வார்த்தை:

"பாத்தியாடா, ஒரு சத்தம் இல்ல!"

"பிரேக்கே இல்ல மாமா."

"அது வேற விஷயம். அந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் வண்டில ஏற மாட்டேன்னுட்டா உங்க அத்தை. சனிக்கிழமை கண்காட்சிக்கு அவ குதிரைய நான் தனியாக் கொண்டுபோனா ஊரே சிரிக்கும்டா."

ஊர் சிரிக்காது. கண்காட்சிக்குப் போகும் வழியில் பேட்ஜர் கணவாயில் இறக்கம் மட்டும் ஆறு மைல். பின்னால் குதிரையோடு இரண்டு டன். கடைசி வளைவுக்குக் கீழே ஆறு ஓடுகிறது. இழவு வீட்டுக்குக் கொண்டுபோகும் உருளைக்கிழங்கு காசரோலை ஊரே ஆளுக்கொன்றாகச் சுட்டு எடுத்துக்கொண்டு அத்தைக்கு ஆறுதல் சொல்ல வரும்.

நாலு சக்கரத்துக்கும் ஷூவும் சீலும் புதிதாகப் போட்டு, டிரம்மைக் கழுவி, டயலை ஆறில் வைத்திருக்கிறேன். தொடாதீர்கள். இனி முனகும், முனகட்டும். 'டிக்' என்றால் அதுவும் சரி. இரும்போடு இரும்பு உரசிக் கரகரத்தால் மட்டும் ஓரங்கட்டிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். கிரீஸ் கன் என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன். முனகல்தான் பாதுகாப்பு என்று அத்தைக்கு நீங்களே பொறுமையாக விளக்குங்கள்.

உங்கள் மேய்ச்சல் நிலத்தில் புல்லும், அத்தையின் குதிரைக்கு முதல் பரிசு ரிப்பனும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு, அக்கறையும் எரிச்சலுமாக,
ரோல்ஃப்

பி.கு.: டிரெய்லரை எடுத்துப்போக வெர்னா அத்தை வந்தார். கணவாய் வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். பிரேக் 'ஙொய்ங்' என்றது.

"நீங்க ஏற மாட்டேன்னது இந்தச் சத்தத்துக்குத்தான அத்தை?"

"அட போடா! இது அது பாட்டுக்கு முனகிட்டுக் கிடக்கு, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி. உங்க மாமா இறக்கம் வந்தாப் போதும், பயத்துல பல்லிடுக்குல விசிலடிப்பாரு. முப்பத்தோரு வருஷமா அதே சர்ச் பாட்டு, அதுவும் முதல் வரி மட்டும். அதத்தான் நிறுத்தச் சொன்னேன்."

சனிக்கிழமை வண்டி ஓட்டப்போவது அத்தை. ஆகவே மேலே எழுதியதெல்லாம் அவருக்கு. நீங்கள் பக்கத்து இருக்கையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அந்தக் கோளாறுக்கு என்னிடம் உதிரிபாகம் இல்லை.