குளத்தில் ஒரு போத்தல் நல்லெண்ணெய்

கல்யாணமான புதிதில் ஆண்களின் மூளை கொஞ்ச நாள் விடுமுறையில் போய்விடுகிறது. என்னுடையது தலை தீபாவளி வரை திரும்பவில்லை.

என் மாமனார் காஜா பெராங்கில் குடியிருந்தார். ஊர் நீச்சல் குளத்தில் பம்புக்காரர். குளம் வெள்ளைக்காரத் துவான்களுக்கு மட்டும் என்றிருந்த காலத்திலிருந்து அந்தத் தண்ணீருக்கு மருந்து போட்டு, விழுந்த இலையை நீளக் கம்பு வலையால் அள்ளியவர். ஒரு நாளும் அதில் கால் நனைத்ததில்லை. மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமாகி, குளம் எல்லாருக்கும் திறந்த பிறகும் இறங்கவில்லை.

"மாமா, தீபாவளி அன்னிக்கு வெள்ளன நாம ரெண்டு பேரும் எறங்குவோம்" என்றேன். (எனக்கு நீச்சல் தெரியும் என்று பெண் பார்க்கப் போனபோதே அளந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.)

"பத்து மணிக்குப் புது மேனேஜர் தண்ணியப் பாக்க வர்றாரு மாப்ளே. என்னைய வச்சிக்கிறதா அனுப்புறதான்னு அன்னிக்குத்தான் முடிவு" என்றார். ஆனால் மறுக்கவில்லை.

தீபாவளியன்று மாமனார் முன்னாலேயே பம்பு அறைக்குப் போய்விட்டார். மாமியார் என்னை மணையில் உட்காரவைத்து ஒரு போத்தல் நல்லெண்ணெயை உச்சியிலிருந்து பாதம் வரை இறக்கினார். "சீயக்கா போட்டு நல்லா அலசிட்டுப் போங்க மாப்ளே" என்றார். நான் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். வீட்டில் இருப்பது ஒரு வாளித் தண்ணீர். அங்கே ஒரு குளமே இருக்கிறது. அன்றைக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

குளத்தில் குதித்தேன். (மரியாதைக்காக அப்படிச் சொல்கிறேன். படியில் வழுக்கி விழுந்தேன்.) எண்ணெய் வானவில் நிறத்தில் விரிந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. பிறகு சீயக்காயைத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றித் தே தாரேக் டீயின் நிறத்தில் நுரை மிதந்தது.

மாமனார் வெளியே வந்தார். துவான்கள் போடுவது மாதிரி ஒரு நீல நீச்சல் கால்சட்டை, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வாங்கி வைத்திருந்திருக்கிறார். அதைப் பார்த்ததும்தான் நுரையை இரண்டு கையாலும் ஓரமாக ஒதுக்கப் பார்த்தேன்.

"மாப்ளே, என்னா செஞ்சீங்க?"

"தலை முழுகுறேன் மாமா."

அவசரமாக ஏறப் போனேன். ஏணி கையில் நிற்கவில்லை. கால் வழுக்கி ஆழமான பக்கம் போய்ச் சேர்ந்தேன். என் நீச்சலைப் பற்றிய பொய் அங்கே ஊருக்கு முன்னால் மூழ்கியது. (ஊர் என்றால் மாமனார் ஒருவர்தான். அது போதும்.)

அவர் குதித்தார். கையைப் பிடித்தார், நழுவியது. காதைப் பிடித்தார், அதிலும் எண்ணெய். சாரோங்கைப் பிடித்தார், அது மட்டும் வந்தது. கடைசியில் கரையேறி, இலை அள்ளும் வலையை என் தலையில் மாட்டி இழுத்துக் கரை சேர்த்தார். மேனேஜர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தார்.

"இன்னிக்கு எங்க பெருநாள் துவான்" என்று மாமனார் மலாயில் சொன்னார். வேறு என்னதான் சொல்வார்?

குளத்தை ஒரு வாரம் மூடினார்கள். தண்ணீரை இறைத்து, ஓடு ஓடாக அவர் தேய்த்தார். நானும் லீவு போட்டுத் தேய்த்தேன். அந்தக் குளத்தின் அடியை அவ்வளவு வெள்ளையாக அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. புதுத் தண்ணீர் நிரப்பியதும் மேனேஜர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீயே இரு. முதலில் நீ இறங்கிப் பார்" என்றார். நீலக் கால்சட்டையில் மாமனார் மெதுவாக இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் கரையில், வலையோடு, உலர்ந்த உடம்போடு.

பின்னால் அங்கே டிக்கெட் அறை வந்தது, சறுக்குமரம் வந்தது, பழைய ஓடுகள் போயின. எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது என்று நான்கு மொழியில் எழுதிய பலகையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதுச் சாயம் பூசி மாட்டுகிறார்கள். தமிழ்தான் முதல் வரி. பேரப்பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் மனைவி இன்றைக்கும் நான் துண்டை எடுத்தால் சமையலறையிலிருந்து கேட்பாள்: "குளிக்கவா போறீங்க? வலைய எடுத்து வைக்கவா?"