சுற்றும், சுடாது

என் வீட்டுப் படலைக்குள் எந்த மின்சாரக்காரனும் கால் வைக்கக்கூடாது என்று நான் சபதம் எடுத்தது 1978ஆம் ஆண்டு ஐப்பசியில். காரணம், உடுப்புக் காயவைக்கிற ஒரு மெஷின்.

அதை அனுப்பியவர் லண்டனில் இருக்கிற என் மச்சான் பாலசிங்கம். எட்டு வருடம் தான் பாவித்துவிட்டு, என்னைக் கட்டிய தன் தங்கச்சி மாரிகாலத்தில் ஈர உடுப்போடு மாரடிக்கிறாளே என்று கப்பலில் ஏற்றிவிட்டார். புளியங்கூடலில் மழை பிடித்தால் மூன்று கிழமைக்கு வெயிலைக் காணமுடியாது. கொடியில் தொங்கும் வேட்டி பாசி பிடித்து, பச்சைக்கரை வேட்டியாகிவிடும்.

மெஷினைக் குசினிக்குப் பக்கத்து அறையில் வைத்து பிளக்கைச் செருகினேன். உருளை சுற்றியது. வட்டக் கண்ணாடிக்குள் உடுப்புகள் அழகாகப் புரண்டன. ஒரு மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்தால், போட்டபோது இருந்த அதே ஈரம். சுற்றுகிறது, சுடவில்லை.

என் மனைவி சறோஜினிதேவி, ஊர்காவற்றுறையில் லோஞ்சுப் படகுகளின் எஞ்சின் திருத்துகிற சில்வெஸ்ரரைக் கூப்பிடுவோமா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நான் விஞ்ஞான மாஸ்ரர். பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் மின்சாரம் ஓடவிட்டவன். அது இன்றுவரை ஒருவருக்கும் அடித்ததில்லை.

"இஞ்சாரும், இது நான் பாக்கிற வேலை. ஒருத்தரும் வரத் தேவையில்லை" என்றேன்.

"ஓம், நீங்களே பாருங்கோ" என்றாள்.

இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் இவ்வளவு கெதியாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மெஷினின் முதுகைக் கழற்றினேன். உள்ளே நீலநிறப் பஞ்சு, ஒரு தலையணை அடைக்கக் காணும். அதை அள்ளினேன். சுடவில்லை. ரோர்ச் பற்றறியையும் பல்பையும் வயரில் கோத்து, ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுப் பார்த்தேன். பல்பு எரிந்தால் அந்த உறுப்பு நல்லது. சூடாக்கும் சுருள் நல்லது. சூடு கூடினால் கறண்டை நிறுத்துகிற வில்லையும் நல்லது. எல்லாமே நல்லது. சூடு மட்டும் இல்லை. ஆசிரியர் அறையில் இதைக் கேட்டவர்கள், மாஸ்ரர் வீட்டு மெஷினுக்கும் சூடு சொரணை இல்லையாம் என்று சிரித்தார்கள். அந்த 'மெஷினுக்கும்' என்பதில் இருந்த 'உம்' எனக்குப் பிடிக்கவில்லை.

பரிசோதனைக்கு ஈர உடுப்பு வேண்டும் என்பதை எடுத்துச் சொன்னவள் சறோஜினிதான். விஞ்ஞானப்படி அது சரி. ஆகவே நானே கிணற்றில் அள்ளி, நானே தோய்த்து, பிழிந்து, மெஷினில் போட்டேன். முதல்நாள் நான் வீட்டில் கட்டுகிற ஒரு சாரம். பிறகு பாரமான துணியிலும் பார்க்கவேண்டாமோ என்று கேட்டாள். படுக்கை விரிப்புகள் வந்தன. அடுத்த கிழமை யன்னல் சீலைகள் வந்தன. காயாததையெல்லாம் விறாந்தைக் கொடியில் போட்டுவிட்டு, காலையில் பள்ளிக்கூடம் போவேன். பின்னேரம் வந்தால் எல்லாம் காய்ந்து, மடித்து, அலுமாரிக்குள் இருக்கும். கொட்டுகிற மழையில் இது எப்படி என்று யோசித்து, 'கடற்காற்றின் உலர்த்தும் ஆற்றல்' என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பின்னேரங்கள் எனக்குப் பிடித்துப்போயின. வெளியே மழை. உள்ளே உருளை, கரைக்கு வர மனமில்லாத வள்ளம் மாதிரி ஒரே தாளத்தில் புரளும். கதிரையை இழுத்துப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடி இருப்பேன். அவளுடைய ஊதாச் சேலை என் வேட்டியைச் சுற்றிக்கொள்ளும், விலகும், திரும்ப வந்து சுற்றிக்கொள்ளும். நாங்கள் இரண்டுபேரும் அவ்வளவு நெருக்கமாக இருந்து கனகாலம். சறோஜினியும் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருப்பாள். ஒருநாள், நெடுந்தீவில் காட்டில் திரிகிற குதிரைகளைப் பார்க்கவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே தனக்கு ஆசை என்றாள். இவ்வளவு வருடத்தில் நான் அறியாத விசயம். மாசியில் கடல் அடங்கியதும் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணைச் சொருகியது. கனவில் வெள்ளைக் குதிரைகள் வட்டமாக ஓடின. எல்லாம் என் பெனியன் போட்டிருந்தன.

ஐந்து கிழமை போனது. பள்ளிக்கூடத்துச் சிரிப்பு அடங்கவில்லை. மழை விட்டுக் கொஞ்சம் வெளித்த ஒரு சனிக்கிழமை, சறோஜினி நயினாதீவு அம்மனிடம் போயிருந்த நேரம், சபதத்தை விழுங்கிவிட்டுச் சில்வெஸ்ரருக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தவர் சாமான் பையைத் திறக்கவேயில்லை. குனிந்தார். முன்பக்கக் கதவுக்குக் கீழே இருந்த சின்னக் கறுப்பு ஆளியை, அதுதான் சுவிச்சை, தட்டினார். எழுத்து அழிந்துபோன அந்த ஆளியை நான் ஒரு அலங்காரம் என்று நினைத்திருந்தேன். மெஷினின் முதுகைக் கழற்றிய நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. உருளை சுற்றச் சுற்றக் கண்ணாடி மெல்லச் சூடேறியது.

"இது குளிர்காத்தில நிண்டிருக்கு, மாஸ்ரர்" என்றார் சில்வெஸ்ரர். பிறகு தலையைச் சொறிந்தார். "போன மாசம் அக்கா கூப்பிட்டு, நான் வந்து காட்டிப்போட்டுத்தானே போனனான். அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

மெஷினுக்கு முன்னால் என் முகம் சூடாகிவிட்டது. கடற்காற்றின் ஆற்றலும் விளங்கிவிட்டது. நான் படலையைத் தாண்டினதும் அவள் ஆளியைத் தட்டியிருக்கிறாள். நான் வரமுன் திருப்பித் தட்டியிருக்கிறாள்.

பின்னேரம் திருநீற்றோடு வந்தவளை மெஷினுக்கு முன்னால் நிறுத்தி, நீதவான் மாதிரி விசாரித்தேன். ஏன் மறைத்தாள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வரத் தேவையில்லை எண்டனீங்கள். வந்தவர் எண்டு சொன்னால் உங்களுக்கு மனம் நோகுமெல்லே" என்றாள். உருளையைப் பார்த்தபடி சொன்னாள்: "பக்கத்தில இருந்து கதைக்கவும் ஒரு ஆள் கிடைச்சது."

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்த கொஞ்சமும் காய்ந்துபோனது. சரி, நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் மெஷின் தன் வேலையைப் பார்க்கட்டும், நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"ஓம், அதுதான் நல்லது" என்று அழுக்குக் கூடையைத் தூக்கி என் கையில் தந்தாள். "இனி நீங்கள் கொடியில போட்டுக் கஷ்டப்பட வேண்டாம். தோய்ச்சு மட்டும் தந்தால் காணும்."