இரண்டு சட்டம், இரண்டு முத்திரை

நாகர்கோவிலில் ஒரே சேதியை இரண்டு பேர் சொல்லி, அது ஒத்துப்போனதாகச் சரித்திரமே கிடையாது; அதாவது, ஒப்புநோக்கியார் அந்த ஊரில் இருந்தவரை. ஒத்துப்போகிற மாதிரித் தெரிந்தால் கொஞ்சம் பொறும் என்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். இரண்டு பேரையும் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். கடைசியில் சேதி சொன்ன இருவரும் கைகலக்கிற நிலைமைக்கு வந்திருப்பார்கள். அவர் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில், நாகர்கோவிலில் ஒரு கோர்ட்டில், நகல் பிரிவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். தீர்ப்புக்கும் பத்திரத்துக்கும் நகல் எழுதுவது என் வேலை. அதை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்த்து, அடியில் ‘ஒப்புநோக்கியது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை குத்துவது அவர் வேலை. அந்த முத்திரை விழுந்தால்தான் காகிதத்துக்கு உயிர். அவர் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து ஊரே அவரை ஒப்புநோக்கியார் ஆக்கிவிட்டது. தாய் தகப்பன் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிர் வாழ்ந்தது.

வேலையை வேலையோடு விட்டிருந்தால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒருமுறை முடிவெட்டப் போனவர், இடது கிருதாவும் வலது கிருதாவும் சேரவில்லை என்றிருக்கிறார். இடதைக் குறைத்தால் வலது நீளம், வலதைக் குறைத்தால் இடது நீளம். கடைசியில் இரண்டும் இல்லாமல் ஆபீசுக்கு வந்தார். “இப்போ சேருது” என்று எங்களிடம் திருப்தியோடு சொன்னார். இன்னொரு தடவை ஒரு கலியாணக் கடிதாசில் தமிழ்ப் பக்கம் முகூர்த்தத்தைக் காலை என்றது, இங்கிலீஷ் பக்கம் மாலை என்றது. திருத்தி வராதவரை இரண்டும் செல்லும் என்று சொல்லி இரண்டு வேளையும் போய்ச் சாப்பிட்டார்.

அப்படிப்பட்ட மனுஷரிடம் போய் இரண்டு ராஜாங்கச் சட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதைத் தொடங்கி வைத்தவர் அவருடைய தங்கை மாப்பிள்ளை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், பணகுடிக்காரர். கணவாய்க்கு இந்தப் பக்கம் மகாராஜா, அந்தப் பக்கம் பிரிட்டிஷார். சுசீந்திரத்தில் ஒரு கலியாணப் பந்தியில் அவர் இலையில் இருந்துகொண்டே ஆரம்பித்தார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் புது ஆட்சிச் சட்டம் வந்துவிட்ட நேரம் அது.

“அத்தான், இனி எங்க பக்கத்துல மந்திரி எங்களுக்குப் பதில் சொல்லணும். உங்க பக்கத்துல திவானுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

பந்தி முழுக்கச் சிரித்தது. ஒப்புநோக்கியாரின் மனைவி செல்லம்மாள் அப்போது அவியல் விளம்பிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் பேரில் சுசீந்திரத்தில் நெல்வயல் உண்டு. அந்த வயலுக்கு வரி கட்டுகிற பாத்தியத்தில் சமஸ்தானத்துச் சட்டசபைக்கு வாக்கும் உண்டு. அகப்பையை நிறுத்தி, “அண்ணாச்சி, எனக்கு என் வயலைச் சொல்லி ஓட்டு. எங்க நாத்தனாருக்கு உங்க பேரைச் சொல்லித்தானே ஓட்டு?” என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். பந்தி இன்னொரு தடவை சிரித்தது. தங்கை மாப்பிள்ளைக்கு அவியல் விழவில்லை.

ஒப்புநோக்கியார் மட்டும் சிரிக்கவில்லை. மூலமும் நகலும் பாராமல் இரண்டு கட்சியும் பேசுகிறதே என்ற வருத்தம் அவருக்கு. மறுநாளே ஒரு வக்கீலின் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகத்தையும் இரவல் வாங்கி வந்தார். இந்தியாச் சட்டம் தலையணைக் கனம். சமஸ்தானத்துச் சட்டத்தை அதன் பக்கத்தில் வைத்தால் விசிறி.

ஒப்புநோக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் கண்ணால் தொடர வேண்டும். வாசிக்கிற ஆள் யார் என்பதை அவர் என்னைக் கேட்காமலே முடிவு செய்திருந்தார். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அவர் வீட்டுக்குப் போவேன். கமா, புல்ஸ்டாப் எல்லாம் சத்தமாகச் சொல்லி வாசிக்க வேண்டும். அதுதான் தொழில் முறை. பக்கத்து வீட்டார் முதலில் ஏதோ மந்திரம் என்று நினைத்து, குழந்தைக்குத் திருநீறு போட அழைத்து வந்தார்கள். செல்லம்மாள் அக்காவுக்கும் பழகிவிட்டது. பலகாரம் தயாரானால் வாசலில் வந்து நின்று “புல்ஸ்டாப்” என்பார்.

இரண்டு மாதத்தில் பட்டியல் ஆயிற்று. நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ‘இங்கே உள்ளது, அங்கே இல்லாதது’. வலப்பக்கம் ‘அங்கே உள்ளது, இங்கே இல்லாதது’. மாகாணத்தில் மந்திரிகள் சபைக்குக் கட்டுப்பட்டவர்கள், இங்கே திவான் அப்படியில்லை என்பதை வலப்பக்கம் எழுதினார். இங்கே வாக்குக்குப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே யோக்கியதைதான் என்பதை இடப்பக்கம் எழுதினார். இந்தியாவின் பெரிய சபைக்கு அவர்கள் ஆளை ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள், நம் ஆளை ராஜாங்கம் நியமித்து அனுப்பும் என்பது மறுபடி வலப்பக்கம். எது நல்லது என்று ஒரு வார்த்தை இல்லை. கூட இல்லை, குறைய இல்லை. சுத்தமான ஆபீஸ் வேலை.

அதை ஆபீஸ் மேஜையில் வைத்துத்தான் சுத்தப்பிரதி எழுதினார். எழுதி முடித்ததும் கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. ‘ஒப்புநோக்கியது’ என்று எழுதிற்று, கையெழுத்துப் போட்டது, முத்திரையை எடுத்துக் குத்திற்று. சமஸ்தானத்துச் சட்டத்தில் இன்னின்னது இல்லை என்று சமஸ்தானத்துக் கோர்ட்டே சான்று கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதைக் கொண்டுபோய் வடசேரிச் சந்தைப் பக்கம் இருந்த வாசகசாலைச் சுவரில் ஒட்டினார்.

கூட்டம் கூடியது. வாழைக்குலை வாங்க வந்தவர்கள், கோட்டாற்றுக் கடைக்காரர்கள், வாய்தாவுக்கு வந்து வக்கீலைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒப்புநோக்கியாரே வாசித்துக் காட்டினார். வலை நூல் வாங்க வந்திருந்த குளச்சல்காரர் ஒருவர், தொம்மை என்று பேர், கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு தனக்கு எந்தச் சட்டத்தில் ஓட்டு என்று விசாரித்தார். நிலம் உண்டா, வரிச்சீட்டு உண்டா, எழுதப் படிக்க வருமா என்று இவர் கேட்டார். ஒரு கட்டுமரத்தில் கால்பங்கு உண்டு, வேறொன்றும் இல்லை என்றார் தொம்மை.

“அப்பம் ரெண்டுலயும் இல்லப்பா” என்றார் ஒப்புநோக்கியார்.

“அந்த எடத்துல ரெண்டும் ஒத்துல்லா போவுது. ஒத்துப்போவாததை மட்டும் எழுதி வச்சிருக்கியளே ஐயா.”

அவ்வளவுதான் சொன்னார். நூல்கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இருபது வருஷ உத்தியோகத்தில் ஒப்புநோக்கியார் பார்த்த காகிதத்தில் பிழை கண்ட ஆள் கிடையாது. மேலதிகாரிகள் முயன்று தோற்றிருக்கிறார்கள். மெதுவாகப் பட்டியலைச் சுவரிலிருந்து பெயர்த்தார். ஆபீசுக்கு வந்து, அடியில் ‘ஒத்துள்ளவை’ என்று மூன்றாவது தலைப்பு எழுதினார். அதன் கீழே ஒரே வரி: நிலமோ வரியோ படிப்போ இல்லாதவனுக்கு இரண்டிலும் வாக்கு இல்லை. திருத்தம் செய்தால் திருத்தத்துக்கு நேரே மறுபடி முத்திரை விழ வேண்டும் என்பது விதி. நான் முத்திரைப் பெட்டியின் மேல் கை வைத்துத் தடுத்தேன். அவர் என் கையை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, முத்திரையைக் குத்திக் காகிதத்தை மறுபடி வடசேரிக்குக் கொண்டுபோனார்.

ஒரு வாரத்தில் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மலையாளத்தில் மூலம், தமிழில் நகல். எங்கள் சிரஸ்தார், அதாவது ஆபீசுக்குத் தலைமை குமாஸ்தா, அதைக் கையில் வாங்கியதும் உட்கார்ந்துவிட்டார். அந்த நாளில் பொறுப்பாட்சி, அதாவது ஜனங்களுக்குப் பதில் சொல்கிற மந்திரிசபை, என்று தெருவில் பேசினாலே போலீஸ் நோட்டுப் புத்தகத்தை எடுக்கும். வேலை போகும், ஜெயிலும் கிடைக்கலாம். உடனே மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்லி எல்லாரும் மன்றாடினோம். நானே ஒரு மன்னிப்புக் கடிதம் தயாரித்துக் கொடுத்தேன். அதை வாங்கிச் சிவப்பு மையைத் தொட்டார். ‘அறியாமல் செய்துவிட்டேன்’ என்பதை அடித்தார். அறிந்துதானே செய்தது என்றார். ‘மிகவும் வருந்துகிறேன்’ என்பதை அடித்தார். கடைசியில் விலாசமும் ‘தாழ்மையுள்ள’ என்பதும்தான் மிஞ்சின. அது சரியாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

மெமோவுக்கு அவர் பதிலே எழுதவில்லை. ஒரு மாதம் ஆனது. அவர் வழக்கம்போல் வெற்றிலை போட்டார். கடைசியில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு அதிகாரி காரில் வந்து இறங்கினார். விசாரணை நடந்த அன்று காலையில் செல்லம்மாள் அக்கா ஆபீஸ் வாசல்வரை வந்தார். அழவில்லை.

“ரெண்டு பக்கத்துக் குறையையும் எழுதினியளா?” என்று மட்டும் கேட்டார்.

“ரெண்டும் எழுதிருக்கு.”

“அப்பம் போங்க.”

பதில் எழுதாதது ஏன் என்றுதான் அதிகாரி முதலில் கேட்டார். ஒப்புநோக்கியார் மெமோவின் இரண்டு பிரதியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மலையாளத்தில் ‘சமாதானம் போதிப்பிக்க உமக்கு அவகாசம் உண்டு’ என்றிருந்தது. மலையாளத்தில் சமாதானம் என்றால் விளக்கம், அவகாசம் என்றால் உரிமை. நகல் எடுத்த புண்ணியவான் அதை அப்படியே தமிழுக்குத் தூக்கி வைத்து, ‘பதில் எழுத உமக்கு அவகாசம் உண்டு’ என்று எழுதியிருந்தார். தமிழில் அவகாசம் என்றால் நேரம். எவ்வளவு நேரம் என்றும் அதில் இல்லை. அதனால் காத்திருப்பதாக ஒப்புநோக்கியார் பணிவோடு சொன்னார். அடியில் ஒப்புநோக்கியவர் கையெழுத்து இல்லாததையும் விரலால் காட்டினார்.

அதிகாரி சிரஸ்தாரைப் பார்த்தார். சிரஸ்தார் கூரையைப் பார்த்தபடி, தமிழில் அப்படித்தான் அர்த்தம் என்றார். அதிகாரியின் மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று இன்றுவரை நான் சாதிக்கிறேன்.

எந்தச் சட்டம் உயர்ந்தது என்று அதிகாரி ஒப்புநோக்கியாரிடம் அபிப்பிராயம் கேட்டார். சேருகிறதா இல்லையா என்று பார்ப்பதோடு தன் வேலை முடிந்தது, உயர்வு தாழ்வு பார்க்க நீதிபதி இருக்கிறார் என்று இவர் சொல்லிவிட்டார். வாசகசாலைச் சுவரிலிருந்து பெயர்த்து வந்திருந்த பட்டியலை அதிகாரி முதலிலிருந்து படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். மறுபடி படித்தார். பிறகு எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இருபது வருஷமாக முத்திரை குத்துகிற கை, பழக்கத்தில் குத்திவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் காரியம் இத்தோடு தீரும் என்றார். கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போகச் சொல்கிற மாதிரி. நான் உள்ளுக்குள் நாகராஜாவுக்குப் பால் நேர்ந்துகொண்டேன்.

ஒப்புநோக்கியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“எஜமான், மேல கிடக்க முத்திரை பழக்கத்துல விழுந்ததுதான். கீழ கிடக்கது நான் போட்டது.”

அறையில் பங்கா விசிறி இழுக்கிறவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டான். அதிகாரி பட்டியலை நான்காக மடித்தார். பைலில் வைக்கவில்லை, தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பைலில் அது இல்லாததால், ராஜத்துரோகம் என்று எழுத ஆதாரமும் இல்லாமல் போயிற்று. முத்திரையைக் கவனக்குறைவாக வைத்திருந்தார் என்று மட்டும் குற்றம் எழுதி, தக்கலைக்கு மாற்றினார்கள். அங்கே நகல் எழுதலாம், முத்திரை தொடக்கூடாது.

மாற்றல் உத்தரவு வந்ததும் அதில் தகப்பனார் பேரின் முதலெழுத்து தப்பு என்று திருப்பி அனுப்பினார். திருத்தி வர எட்டு நாள் ஆயிற்று. அவருடைய சொந்தப் பேரை அப்போதுதான் நாங்கள் சரியாகப் பார்த்தோம். நல்ல பேர்தான், அவருக்குப் பொருந்தவில்லை.

வடசேரியில் பஸ் ஏற்றிவிட ஆபீசே திரண்டு வந்திருந்தது. சிரஸ்தார் மட்டும் தான் வெண்டைக்காய் வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, கடைசிவரை வெண்டைக்காய் வாங்காமல் நின்றார். செல்லம்மாள் அக்கா ஜன்னல் பக்கம் அமர்ந்து, சுசீந்திரம் வயலுக்குத் தண்ணீர் விடுவதைக் கவனிக்கச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். ஒப்புநோக்கியார் டிக்கெட்டையும் கண்டக்டர் சொன்ன ஊரையும் ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்ததில் எங்களுக்குக் கையசைக்க மறந்துவிட்டார்.

தக்கலையில் எனக்கு உறவு கிடையாது, வேலையும் கிடையாது. இருந்தும் நெடுங்காலம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். வீட்டில் கேட்டால் கோர்ட்டுக் காரியம் என்பேன். ஞாயிற்றுக்கிழமை என்ன கோர்ட்டு என்று என் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கு கட்டிக் கொடுத்துவிடுவாள்.