ஒரு பெல்ட், மூன்று கூரை

கூரையில் பாதுகாப்பு பெல்ட் மாட்டிய போட்டோ வந்து சேராமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது கம்பெனி விதி. கம்பெனியிடம் இருந்த பெல்ட் ஒன்று. அன்று வேலை நடந்த கூரைகள் மூன்று.

மூன்றாவது கூரையில், மழையில் நனைந்த தகரத்தின் மேல், சோலார் பேனல் மாட்டுபவர் குந்தியிருந்தார். போன மாதம் ஒருமுறை சறுக்கி, குழாயைப் பிடித்துப் பிழைத்தவர். அன்றிலிருந்து வீட்டிலும் ஒரு விதி வந்தது: ஒன்பது மணிக்குள் பெல்ட் போட்டோ வராவிட்டால், பை, பெல்ட் தைக்கும் யூனிட்டில் வேலை பார்க்கும் மனைவி நேரே வந்து அவரைக் கீழே இறக்கிவிடுவாள். வந்தாலும் வருவாள்.

முந்தாநாள் எடுத்த படத்தை அனுப்பிப் பார்த்தார். இரண்டே நிமிடத்தில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். படத்தில் மொட்டை மாடி, வேலை தகரக் கூரையில். ஆபீஸில் இருப்பவர்களுக்கும் கண் இருக்கிறது என்றார். பெல்ட்டையாவது அனுப்புங்கள் என்றதற்கு, முதல் கூரையில் போட்டோ இன்னும் சரியாக விழவில்லையாம்.

கடைசியில் சூப்பர்வைசரே புத்தம் புது பெல்ட்டோடு பைக்கில் வந்தார். கடையில் இருந்தது அது ஒன்றுதானாம். விற்க மாட்டேன் என்றவனிடம் மல்லுக்கட்டி வாங்கினாராம்.

ஏணியில் நின்று எடுத்த படம் செல்லாது என்றார். விளிம்பில் நின்றால் ஹெல்மெட் நிழலில் முகம் தெரியவில்லை என்றார். கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் அவர் போனைப் பிடித்தபடி அலுத்துப்போய்ச் சொன்னார்.

"இன்னும் ரெண்டடி பின்னாடி போப்பா. அதான் பெல்ட் இருக்கே, அப்புறம் என்ன பயம்?"

போனார். கால் சறுக்கியது. கூரைக் கம்பியில் கட்டியிருந்த பெல்ட் கயிறு விறைத்தது. இரண்டு மாடி உயரத்தில், கொடியில் காயும் சட்டையாக ஆடினார். பெல்ட் பிடித்துக்கொண்டது.

சூப்பர்வைசர் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "எடுங்க, எடுங்க. இப்படி ஒரு போட்டோ நம்ம கம்பெனிக்கு இதுவரைக்கும் வந்ததில்ல."

எலக்ட்ரீஷியன் எடுத்தார், பழக்க தோஷத்தில் ஆபீஸுக்கும் மனைவிக்கும் சேர்த்தே அனுப்பினார். கீழே வாட்ச்மேன் ஏணியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. எலக்ட்ரீஷியன் ஸ்பீக்கரில் போட்டார். தையல் மெஷின்களின் இரைச்சல்.

தொங்கியவர் முந்திக்கொண்டார். "பாத்தியா? எப்படித் தாங்குது பாரு. இனிமே நீ நிம்மதியா இரு."

பேசியது மனைவி அல்ல; பக்கத்து மெஷினில் தைக்கும் அவள் தங்கை.

"ஆடாதீங்க மாமா. அந்த மஞ்சள் நூல் ஒத்தைத் தையல் நான் போட்டது. கடை வாசல் பொம்மைக்கு மாட்டத் தச்ச பெல்ட் அது."