ஜன்னலில்லாத அறையே எனக்கு வேண்டும்

ராஜபாளையம்,
ஆடி கடைசி வெள்ளி.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் நவநீதகிருஷ்ணன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கை பரிபூரணம் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாங்களும் மதினியும் சுகம்தான் என்பது தாங்கள் இந்த வாரம் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போட்ட போன்களிலிருந்தே தெரிந்துகொண்டேன். உடம்புக்கு முடியாத மனிதரால் அத்தனை வீட்டுக்குப் பேச முடியாது.

கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். போனில் பேசினால் நான் வாயைத் திறக்குமுன் தாங்கள் பேசி முடித்து வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. நேரில் வந்து சொல்லலாம்தான். ஆனால் நான் பஸ் ஏறி வந்தால் என்ன ஆகும் என்பதைத்தானே தாங்கள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆமாம் அண்ணே, நான் வாந்தி எடுப்பவள்தான். இதை நான் என்றைக்கும் மறைத்ததில்லை, மறைக்கவும் அது விட்டதில்லை. பஸ்ஸில் எடுப்பேன், காரில் எடுப்பேன், ஷேர் ஆட்டோவில் மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்தாலும் எடுப்பேன். கல்யாணத்தன்று பெண் அழைத்து வந்த காரில் உங்கள் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் எடுத்தேன். அவர் அதைத் துடைத்துக்கொண்டே, முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, வண்டியை எடு என்றாரே தவிர என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயில் மட்டும் என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் குடும்பம் என்றைக்கு ரயில் போகிற ஊருக்குச் சுற்றுலா போனது? போனதெல்லாம் மலைதான். கொடைக்கானலுக்கு வேன் வரும், தேக்கடிக்கு வேன் வரும், பிள்ளைகள் ஏறுவார்கள், நாத்தனார்கள் ஏறுவார்கள், புளியோதரைத் தூக்கு ஏறும், கடைசியில் என் கையில் வீட்டுச் சாவி இருக்கும். பக்கத்தில் இருக்கிற அய்யனார் கோவிலுக்குக்கூட அவர்கள் வேனில் போய் அருவியில் குளித்துத் தலை துவட்டி முடிக்கும்போதுதான் நான் நடந்துபோய்ச் சேருவேன். இல்லையென்றால் "பரிபூரணத்த எங்க வீட்ல விட்டுட்டுப் போங்க மாப்ள" என்று தாங்கள் பெரிய மனசு பண்ணுவீர்கள். நானும் துணிமூட்டையோடு வந்து, அவர்கள் திரும்பும்வரை மதினிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அந்த வெங்காயத்தில் எனக்கு வருத்தமில்லை. மதினி சோறு போட்டதில் குறையுமில்லை.

இந்தச் சித்திரையில் மருமகள் வெங்கடேஸ்வரி வந்திருந்தபோது பழைய போட்டோ ஆல்பங்களை எடுத்துவைத்துப் பார்த்தாள். கொடைக்கானல், தேக்கடி, குற்றாலம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இந்தப் படமெல்லாம் நீங்க எடுத்ததா அத்தை, நல்லா எடுத்திருக்கீங்க" என்றாள். அந்தப் பிள்ளை பாராட்டித்தான் சொன்னாள். ஒரு படத்திலும் நான் இல்லாததால் படம் பிடித்தவள் நானாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவுசெய்திருக்கிறாள். நான் எழுந்துபோய்ப் பால் அடுப்பில் பொங்குகிறதா என்று பார்த்தேன். அடுப்பில் பாலே இல்லை. அங்கேயே நின்றுகொண்டு, இனிமேல் என்ன ஆனாலும் ஏறிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அப்போதுதான் மகன் கௌதம்ராஜ் அந்தக் கப்பல் சங்கதியைச் சொன்னான். அப்பாவுக்கு அறுபது முடிகிறது, சென்னையில் ஏறினால் இலங்கைவரை போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பலில் எல்லோரும் போகலாம் என்றான். உங்கள் மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். உடனே என் பக்கம் திரும்பாமலே, "ஒங்கம்மா வீட்டப் பாத்துக்கிடுவா" என்றார். கெட்ட எண்ணமில்லை அண்ணே, பழக்கம். நான், "நானும் வாரேன்" என்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக எழுந்துபோய்த் தங்களுக்குப் போன் செய்தார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தங்களுக்கே தெரியும், நடத்தியதே தாங்கள்தானே.

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லலாம், கப்பல நிறுத்தச் சொல்ல முடியுமா?" என்று தாங்கள் கேட்டீர்களாம். நல்ல கேள்விதான். இங்கே எல்லோரும் அதை ரசித்தார்கள், எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். என்னால் நிறுத்த முடிந்த பஸ்களில் ஏறி நான் எங்கே போய்ச் சேர்ந்தேன்? முதல் வளைவிலேயே இறங்கினேன். நிறுத்த முடியாததில் ஏறினால்தான் நான் ஓர் ஊரைப் பார்க்க முடியும் போலிருக்கிறது.

அடுத்த சண்டை அறைக்கு. கௌதம் அவன் போனில் கப்பலின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். தெருத்தெருவாக வீடு கட்டினதுபோல மாடிக்கு மேல் மாடி. அவனுக்கு மேல்மாடியில், மூக்குப் பக்கத்தில், பால்கனி வைத்த அறைதான் வேண்டுமாம். அங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாமாம். எந்த அறை ஆடாது என்று நான் கேட்டேன். இந்தக் காலத்துக் கப்பல் ஆடவே ஆடாது, வீட்டுக்குள் இருப்பதுபோலத்தான் என்றான். இதையேதான் "ஏசி பஸ்ஸுல ஒண்ணும் செய்யாதுக்கா" என்று ஒவ்வொரு கண்டக்டரும் சொல்லியிருக்கிறான். அண்ணே, பஸ்ஸைப் பற்றி எனக்குத் தெரியும். கடைசி சீட் தூக்கிப் போடும், நடுவில் உட்கார்ந்தால் ஒரு நாலு ஊராவது தாங்கும். தென்னை மரம் ஆடும்போது தலைதான் ஆடுகிறது, தூரா ஆடுகிறது? அதனால் கீழ்மாடியில், கப்பலின் நட்டநடுவில் எனக்கு ஓர் அறை போடு என்றேன். அவன் தேடிப் பார்த்துவிட்டு, அங்கே இருப்பது ஜன்னலில்லாத அறை என்றான். நல்லது, அதையே போடு என்றேன்.

அவ்வளவுதான், உங்கள் மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம பேண்டேஜ் துணி போடுத குடோன்ல கூட ஜன்னல் இருக்குட்டி" என்றார். தாங்கள் போனில், நம் வீட்டுப் பெண் அடித்தட்டில் சாமானோடு சாமானாகப் போனாள் என்று நாளைக்குப் பேச்சு வரும் என்றீர்கள். அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டாதாம், ஜன்னல் இல்லாவிட்டால்தான் கஷ்டமாம் என்று கௌதம் எங்கோ படித்ததைச் சொன்னான். குமட்டினால் மேலே ஏறிவந்து வானத்தை வேண்டியமட்டும் பார்த்துக்கொள்கிறேன், தூங்கும்போது கண்ணை மூடித்தானே தூங்குவேன், மூடின கண்ணுக்கு ஜன்னல் எதற்கு என்று கேட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, பேசிப் புண்ணியமில்லை, செய்து காட்டுவோம் என்றுதான் ஆடிப்பூரத் தேர் முடிந்த மறுநாள் அவர்களை உங்கள் ஊர்ப் பொருட்காட்சித் திடலுக்கு அழைத்து வந்தேன். வருகிற வழியில் மம்சாபுரம் விலக்கில் காரை ஒரு தடவை நிறுத்தச் சொன்னேன். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். திடலில் அந்தக் கொலம்பஸ் கப்பல் ராட்டினம், ஊஞ்சல் மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடுமே, அதற்கு முன்னால் போய் நின்று என் நிபந்தனையைச் சொன்னேன். நானும் வெங்கடேஸ்வரியும் நட்டநடு வரிசையில் உட்காருவோம். அப்பாவும் மகனும் அவர்கள் ஆசைப்பட்ட மூக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்காரட்டும். யார் தாங்குகிறார்களோ அவர்கள் சொன்ன அறை. உங்கள் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஏறினார். பாவம், முந்தின நிமிஷம்தான் ஒரு முழு டெல்லி அப்பளம் மிளகாய்ப்பொடி தூவிச் சாப்பிட்டிருந்தார்.

ராட்டினம் ஆட ஆரம்பித்தது. முதலில் தொட்டில் மாதிரி இருந்தது, அப்புறம் மரத்திலிருந்து விழுகிற மாதிரி ஆனது. நான் கீழே பார்க்கவில்லை, பக்கத்தில் பார்க்கவில்லை, தூரத்தில் தெரிந்த ஆண்டாள் கோவில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தேன். எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று பொய் சொல்லமாட்டேன் அண்ணே. வந்தது. தொண்டைவரை வந்தது. நான் இறங்கு என்றேன், இறங்கிவிட்டது. என் ஆயுசில் அது என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். அந்த நேரத்தில் மேலே கோடியிலிருந்து ஒரு குரல், "நிறுத்துலே, ஏலே நிறுத்துலே" என்று. முதலில் யாரோ என்று நினைத்தேன். உங்கள் மாப்பிள்ளைதான். ராட்டினக்காரன் சிரித்தானே தவிர நிறுத்தவில்லை. அதையும்தான் நிறுத்தச் சொன்னவுடன் நிறுத்த முடியாதே.

இறங்கினதும் அவர் நேரே அப்பளக் கடைக்குப் பின்னால் போய்க் குனிந்துவிட்டார். கௌதம் தூணைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். நான் ஓடிப்போய் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை ரோட்டோரத்தில் அவர் என் நெற்றியைப் பிடித்திருக்கிறார், நான் அவருக்குப் பிடிப்பது அதுதான் முதல் தடவை. செத்த நேரம் கழித்து நிமிர்ந்து, வாய் கொப்பளித்துவிட்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏட்டி, எப்பவும் இப்படித்தான் இருக்குமா ஒனக்கு?"

"வண்டி ஏறுத அன்னிக்கெல்லாம் இப்படித்தான்" என்றேன்.

"கொடலே வெளிய வந்துரும் போல இருக்கே. எம்புட்டு நாளு ஒன்னிய ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லிருக்கேன்."

முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். வெங்கடேஸ்வரி எங்கள் பக்கத்தில் நின்றபடியே போனை எடுத்துக் கீழ்மாடி நடு அறையைப் பதிவுசெய்து பணமும் கட்டிவிட்டாள். கௌதம் பால்கனி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான், வாயைத் திறப்பது ஆபத்து என்று தெரிந்து மூடிக்கொண்டான்.

இத்தோடு முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தால், அன்று சாயங்காலமே தாங்கள் மறுபடி போன். ராட்டினம் வேறு, கடல் வேறாம். அப்பள எண்ணெயில் ஏதோ கோளாறாம். பரிபூரணத்தை வழக்கம்போல எங்கள் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள் மாப்பிள்ளை என்றீர்களாம். சொந்தத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவளுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவர்களும் எனக்குப் போன் செய்து புத்தி சொன்னார்கள். சாத்தூரிலிருந்து பேசிய சித்திக்கு நாம் என்ன விஷயமாகப் பேசுகிறோம் என்பதே தெரியவில்லை, எதற்கும் போகாதே என்றாள்.

அண்ணே, அப்பா போனபிறகு என்னை வளர்த்ததும் தாங்கள், கட்டிக்கொடுத்ததும் தாங்கள். அதை நான் மறந்தால் எனக்கு நல்ல கதி கிடையாது. ஆனால் அதற்காக என் வயிறும் தங்களைக் கேட்டுத்தான் புரள வேண்டும் என்று சட்டமில்லை. நான் போகிறேன். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், அது கேட்டாலும் போகிறேன், கேட்காவிட்டாலும் போகிறேன். நான் வாந்தி எடுத்தால் மானம் போகும் என்கிறீர்கள். என் அறை, என் வாளி, ஜன்னல் வேறு கிடையாது. யார் பார்க்கப் போகிறார்கள்? எடுத்துவிட்டு முகம் கழுவி, பவுடர் போட்டு, மேலே ஏறிப்போய்ப் படத்துக்கு நிற்பேன். அந்தப் படத்தைத் தங்களுக்கு அனுப்புவேன்.

ஆகவே இனி இது விஷயமாக யாருக்கும் போன் செய்ய வேண்டாம். எனக்கும் செய்ய வேண்டாம், செய்தால் எடுக்கமாட்டேன். வழியனுப்பவும் வர வேண்டாம். வந்தால் தாங்கள் புத்தி சொல்வீர்கள், எனக்குக் கோபம் வரும், போகிற நேரத்தில் நல்லதல்ல.

மதினிக்கு என் அன்பான விசாரிப்பு. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லவும். பெருமாள் தங்களுக்கு நீண்ட ஆயுளும், அதைவிடக் கொஞ்சம் கம்மியாகப் பேச்சும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் தடுத்தாலும் கப்பலேறப் போகிற தங்கை,
சி. பரிபூரணம்

பி.கு.: உறையை ஒட்டினபிறகு பிரித்து எழுதுகிறேன். இப்போது உங்கள் மாப்பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டே, ஒரு நாள் முழுக்க எந்தப் பக்கம் பார்த்தாலும் கரையே தெரியாதாம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது இதுவரை தோன்றவே இல்லை. அதைக் கேட்டதும்தான் பயம் வந்து உறையைப் பிரித்தேன். இதை அவரிடம் சொல்ல முடியாது, சொன்னால் பயணமே நின்றுபோகும். தங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? செவ்வாய்க்கிழமை சென்னை வண்டியில் போகிறோம். உங்கள் ஊரில் ஒரு நிமிஷம் நிற்கும். பிளாட்பாரத்தில் வந்து நில்லுங்கள் அண்ணே. போகாதே என்று மட்டும் சொல்லக்கூடாது. பால்கோவா வாங்கி வந்துவிடாதீர்கள், நினைத்தாலே புரட்டுகிறது. ஒரு எலுமிச்சம்பழம் போதும், தங்கள் கையால்.