செத்த வீட்டுப் பவுசர்

றிக்சன் குழாயைத் திருகினான். அது இரண்டு தரம் இருமிவிட்டுக் கொஞ்சம் துருவைத் துப்பியது.

அன்று காலையில்தான் ஆழ்கடல் படகிலிருந்து கரை இறங்கியிருந்தான். உடம்பெல்லாம் மீன் வெடில். அவன் கடலில் நின்றபோது மனைவி றொஷானிக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. மகளின் முகத்தை அவன் இன்னும் காணவில்லை.

றொஷானி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டாள். "பின்னேரம் துண்டு வெட்டி வீட்டுக்கு விடீனம். வீட்டில தண்ணி இருக்குத்தானே? இல்லாட்டி நான் பிள்ளையோட சாம்பல்தீவுக்கு, அக்கா வீட்டை போறன். மாதம் முடிஞ்சுதான் வருவன்."

மாதம் முடியுமுன் படகு மறுபடி கடலுக்குப் போய்விடும்.

"தண்ணிப் பரல் நிறைய இருக்கு!" என்றான்.

பரலில் இருந்தது ஒரு பல்லி. அதுவும் செத்துக் கிடந்தது. கிணறு உப்பு. இரண்டு கிழமையாக வீடு பூட்டிக் கிடந்தது. மாமனார் பற்றிக், அவரும் மகளோடு ஆஸ்பத்திரியும் சாம்பல்தீவுமாக அலைந்துவிட்டு, அன்றுதான் வந்து கதிரையில் இருந்து வெறும் பாணை மென்றுகொண்டிருந்தார்.

றிக்சன் தண்ணி லொறி, அதுதான் பவுசர், அனுப்பும் கந்தோருக்குப் போன் எடுத்தான்.

"பிள்ளை பிறந்த வீடு மிஸ். அவசரம்."

"பிறந்ததெண்டால் வரிசையிலதான் நிக்கவேணும். செத்த வீட்டுக்குத்தான் உடன அனுப்பலாம்."

றிக்சன் மாமனாரைப் பார்த்தான்.

"ஓம் மிஸ், செத்தும் போச்சு. மாமா."

பற்றிக்குக்குப் பாண் தொண்டையில் அடைத்தது. துறைமுகத்தில் காலமெல்லாம் மூட்டை சுமந்தபோதும் சாகாத மனிதர்.

"ஏன் மருமோன், உமக்கு அப்பர் இல்லையோ? அந்தாளைக் கொல்லுறதுதானே?"

"அவர் மூதூரில மாமா. பவுசர் அங்க போயிடும். உங்கட பேத்திக்காகக் கொஞ்ச நேரம் செத்துக் கிடவுங்கோ."

பேத்தி என்றதும் பற்றிக் இளகிப்போனார். "சரி. ஆனா இந்த வெக்கைக்குச் சேட்டெல்லாம் போட ஏலாது."

ஆளைக் கட்டிலில் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடினான். பவுசர்க்காரனுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று வாசலில் வெள்ளைக் கொடியும் கட்டினான். அங்கேதான் காரியம் பிழைத்தது.

கொடியைக் கண்டதும் முன்வீட்டு மாகிரட் அக்கா ஓடிவந்தா. "ஐயோ பற்றிக் அண்ணே! சொல்லாமல் போனீங்களே!" அவவுக்குப் பின்னால் ஒழுங்கையே வந்தது. ஆளுக்கொரு வாளி. ஓடிவந்த பதற்றத்தில் கையில் இருந்ததை வைக்க மறந்திருப்பார்கள் என்று றிக்சன் நினைத்தான்.

வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும். கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி அடுப்பில் வைத்தான். தேத்தண்ணி மணத்துக்கு இன்னும் சனம் கூடியது. துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மருமோன், எனக்குச் சீனி குறைச்சு."

"வாயை மூடுங்கோ மாமா!"

மாகிரட் அக்கா திரும்பிப் பார்த்தா. பிறகு என்ன நினைத்தாவோ, இன்னும் சத்தமாக அழுதா.

ஒருவழியாகப் பவுசர் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஓட்டோவும் வந்தது. பிள்ளையோடு இறங்கிய றொஷானி கொடியைக் கண்டாள், கட்டிலைக் கண்டாள்.

"ஐயோ, என்ர அப்பா!"

மகளின் குரல் கேட்டதும் பிணம் எழும்பியது. தோளில் தொங்கிய துணியோடு வாசலுக்கு ஓடிவந்தது.

"நான் சாகேல்ல பிள்ளை! அழாத! பேத்தியை இஞ்ச தா!"

அழுதுகொண்டிருந்த சனம் வாயை மூடியது. பவுசர் ஓட்டி வந்த குலசிங்கம் கையில் குழாயோடு, பேத்தியைக் கொஞ்சும் பிணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

றொஷானி புருசனிடம் திரும்பினாள். "தண்ணிக்கு என்ர அப்பாவைச் சாகடிச்சனீங்களோ?"

"பிள்ளைக்காகத்தான்..."

"அண்ணே, ஓட்டோவைத் திருப்புங்கோ. நான் சாம்பல்தீவுக்குப் போறன்!"

றிக்சன் குலசிங்கத்தைக் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, பொய்தான் சொன்னனான். பொலிசுக்கு வேணுமெண்டாலும் குடுங்கோ. பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பரல் மட்டும் ஊத்துங்கோ."

மாமனாரின் கையிலிருந்த மகளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். அவள் கொட்டாவி விட்டாள்.

குலசிங்கம் குழாயைப் பரலுக்குள் விட்டுத் திறந்தான். வாளிகள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன.

"கோவிக்காமல் உள்ளுக்குப் போங்கோ தங்கச்சி," என்றான் றொஷானியிடம். "இந்த ஒழுங்கையில தண்ணிக்காக எல்லா வீட்டிலயும் செத்து முடிஞ்சுது. உங்கட வீட்டில மட்டும் ஒருத்தரும் சாகேல்ல எண்ட உடன, ஐயோ, அந்தச் சனத்துக்கு ஏதும் நடந்திட்டுதோ எண்டு நாங்கள் பயந்தே போனம்!"