எலிக்கூடும் நாலு பிஸ்டனும்

காரின் பின்பக்கத்து எஞ்சினில் எலி கூடு கட்டியிருந்தது. அதை எடுப்பதற்காகத்தான் தனபால் ஸ்பேனரைத் தொட்டார். வேறு எந்த எண்ணமும் அவருக்கு இல்லை.

கார் அவருடையது அல்ல. மனைவி சுஜாதாவின் அண்ணன் வெங்கடாசலம் ஓசூரில் வேலை பார்ப்பவர். ஆமை முதுகு மாதிரி வளைந்த, அறுபது வருஷத்துப் பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, நிறுத்த இடமில்லாமல் மலைமேல் தலைச்சோலையில் தங்கை வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டிருந்தார். மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருந்தார். தனபால் முதல் மாதம் செய்தார். பிறகு மிளகு வந்தது, காப்பிப் பறிப்பு வந்தது, மழை வந்தது. மச்சான் போன் செய்யும்போதெல்லாம், "வண்டி ஜம்முனு இருக்குதுங்க மச்சான்" என்று சொல்வதை மட்டும் அவர் தவறவிடவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. பெண் கேட்டுப் போன நாளில், "இந்தப் பையன் எதைத் தொட்டாலும் பாதியில உட்டுருவான்" என்று வெங்கடாசலம் உள்ளே சொன்னது வாசலில் நின்ற தனபாலின் காதில் விழுந்துவிட்டது. பதினேழு வருஷமாகியும் அது மனதை விட்டு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மச்சான் மறுபடி போன் செய்தார். வண்டி விஷயமாக ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். தனபால் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். புகையோடு ரோமம் கருகும் நாற்றமும் வந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியசாமி எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுபவர். தான் பார்க்காத எஞ்சினா என்று வந்தவர், அரை மணி நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, தண்ணி ஊத்தற டேங்கையே காணோமுங்க. எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்."

தனபால் போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தண்ணியே கெடையாதாமா. காத்துலயே ஆறிக்குமாமா" என்றார். பெரியசாமி கடைசிவரை நம்பவில்லை.

அந்தக் காற்றை அடிக்கும் விசிறியின் தகரக் கூட்டுக்குள்தான் எலி குடியிருந்தது. காருக்குள் வைத்து அதைக் கழட்ட இடமில்லை. ஆகவே நாலு போல்ட்டை எடுத்து, ஜாக்கி வைத்து, எஞ்சினையே சாக்குமேல் இறக்கினார்கள். கூடு வந்தது. சுஜாதா ஒரு வருஷமாகத் தேடிய ரவிக்கைத் துணியும் அதில் கால்வாசி வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். துருப்பிடித்த ஒரு போல்ட்டைப் பெரியசாமி சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அது முறிந்தது. முறிந்ததை எடுக்க எஞ்சினின் தலையைக் கழட்டினார்கள். தலையோடு சிலிண்டரும் சேர்ந்து வந்தது. வந்த வேகத்தில் பிஸ்டன் ரிங் ஒன்று உடைந்தது. ஒன்றை மாற்றினால் நாலு பிஸ்டனுக்கும் மாற்ற வேண்டும் என்றான் வீடியோக்காரன். புதன்கிழமை சாயங்காலம் எஞ்சின் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை, சாமான்கள்தான் இருந்தன.

வியாழக்கிழமை பஸ் பிடித்துச் சேலம் போய் ரிங் வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை மாட்ட உட்கார்ந்தார்கள். பிஸ்டனைச் சூடாக்கினால்தான் அதைத் தண்டோடு கோக்கும் ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்று வீடியோ சொன்னது. கடைக்குப் போயிருந்த சுஜாதா திரும்பி வந்தபோது அடுப்பில் இட்லிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே நாலு பிஸ்டன்கள். மெதுவாக மூடிவிட்டுப் போய்விட்டாள்.

பிஸ்டன் ஊசி வெளியே வராமல் பிடித்துக்கொள்ள, நகக்கண் அளவில் ஒரு வளையக் கம்பி உண்டு. பெரியசாமி அதைக் குறடால் அழுத்தியபோது துள்ளிப் பறந்து, களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டைக்குள் விழுந்தது. சனிக்கிழமை காலை முழுக்க மூன்று பேரும் மூன்று மூட்டைக் காப்பியை முறத்தில் போட்டுப் புடைத்தார்கள். ஒரு கொண்டை ஊசி கிடைத்தது. கம்பி கிடைக்கவில்லை.

இனி ஒரே வழிதான் என்று தனபால் மச்சானுக்குப் போன் போட்டார். மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது, அடிவாரத்திலேயே வண்டிகளை நிறுத்துகிறார்கள், அடுத்த வாரம் வந்தால் போதும் என்று தயங்காமல் சொல்லி முடித்தார்.

"அப்படிங்களா மாப்ள? அப்ப அந்தப் பக்கத்து மலை ரோட்டுல, குப்பனூர் வழியா சுத்தி வந்தர்றேன். நேரமாகும், இப்பவே கெளம்பிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர் சனிக்கிழமை பொழுது சாயும் முன்பே வந்து நின்றார். கூட ஒரு வேன். வேனிலிருந்து நீல உடுப்புப் போட்ட நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கினார். ஆரோக்கியசெல்வி, ஓசூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் என்றார் மச்சான்.

இன்னொரு பொய்க்குத் தனபாலிடம் தெம்பில்லை. சாமான்கள்மேல் மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினார்.

"மச்சான், வண்டி ஜம்முனு இல்லீங்க. எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டேன். திரும்ப மாட்டத் தெரியலீங்க. மண்ணும் சரியலீங்க."

சொல்லி முடித்ததும் தோளிலிருந்து மூட்டை இறங்கியது போலிருந்தது. இனி நடப்பது நடக்கட்டும் என்று நிமிர்ந்து நின்றார். சுஜாதா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்தாள்.

"அண்ணா, ஊட்டுல சோறு கூடத் திங்காம அஞ்சு நாளா நொம்பப் பாடுபட்டாருங்க. அவரை ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நான் பொறுக்க மாட்டேன்."

பதினேழு வருஷத்தில் அவள் அண்ணனிடம் இப்படிப் பேசித் தனபால் கேட்டதில்லை. அவருக்குக் கண் கரித்தது. சாக்கில் பரத்தியிருந்த சாமான்களை வெங்கடாசலம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரியசாமி நைசாகத் தன் வீட்டுப் பக்கம் நகர்ந்தார்.

ஆரோக்கியசெல்வி மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் காரின் பின்கதவைத் தூக்கினார். டேப்பை நீட்டிக் காலியான குழியை நீளமும் அகலமுமாக அளந்தார். முகம் மலர்ந்து தனபால் பக்கம் திரும்பினார்.

"இதைக் கழட்டி எறக்கவே ஒரு நாள் போயிரும்னு பயந்துட்டு வந்தேனுங்ணா, நல்ல வேளை நீங்களே முடிச்சுட்டீங்க, வேன்ல இருக்கறது பேட்டரி மோட்டாருங்க, இனி இந்தக் காருக்கு எஞ்சினே கெடையாது."